விடுதி அறையும் தனிமனையும்: நியூயோர்க் நகர வீடமைப்பு வரலாற்றில் ஓர் அத்தியாயம்

ஒரு நகரின் வரலாற்றை அதன் மாளிகைகளைக் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. ஆயின், தொழில் தேடி அந்நகருக்கு வந்த தனியாள் எங்கே படுத்துறங்கினான் என்னும் வினா, நகரின் பொருளியலையும் சட்டத்தையும் ஒருங்கே விளக்கவல்லது. நியூயோர்க்கின் விடுதி வீடுகள் தனிமனைகளாக மாற்றப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரில் ‘போடிங்’ வாழ்க்கை பரவலாகக் காணப்பட்டது. வீட்டுக்காரி அறையும் உணவும் அளித்தாள். எழுதுவினைஞரும் கைவினைஞரும் ஒரே மேசையிலிருந்து உண்டனர். தோமஸ் பட்லர் கன் 1857இல் இவ்விடுதிகளைப் பற்றி ஒரு முழு நூலையே எழுதினார் என்பது அவற்றின் செல்வாக்கைக் காட்டும். அந்நூற்றாண்டின் இறுதியில் மலிவான உணவகங்கள் பெருகவே, உணவு நீங்கி அறை மட்டும் எஞ்சியது. பின்னர், 1930களின் பொருளாதார மந்தமும் அதனைத் தொடர்ந்த போர்க்காலமும் செல்வர் கைவிட்ட பழைய மனைகள் பலவற்றைச் சிற்றறைகளாகத் தடுக்கச் செய்தன. குளியலறையும் மலகூடமும் பொதுவாயிருந்தன. முதியோர், கூலியாளர், ஓய்வூதியர் ஆகியோருக்குச் சந்தையில் கிடைத்த மிகமலிந்த உறைவிடம் இதுவே.

1955ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். இவ்வறைகளைச் சுகாதாரக் கேடாகவே கண்ட நகர நிர்வாகம், புதிதாக அவற்றை அமைப்பதைத் தடைசெய்தது. எனவே அழிந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை எழ இயலாதாயிற்று. அதே ஆண்டில், பழைய கட்டடங்களுக்கு வெந்நீர், வெப்பமூட்டும் வசதி ஆகியவற்றைப் பொருத்துவோர்க்கு வரிச்சலுகை வழங்கும் ‘ஜே-51’ திட்டம் தொடங்கியது. 1970களின் நடுப்பகுதியில் அச்சலுகை, விடுதி அறைகளைத் தனிமனைகளாக மாற்றுவோருக்கும் விரிக்கப்பட்டது.

முதலீட்டாளரின் கணக்கு எளிதானது. பன்னிரண்டு அறைகளைக் கொண்ட ஒரு வீட்டை நான்கு தனிமனைகளாக்கினால், ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறையும் குளியலறையும் அமைக்கவேண்டும். ஆயின் வாடகை பன்மடங்காகும். திருத்தத்தால் உயரும் பெறுமதிக்குச் சில ஆண்டுகள் வரியில்லை. செலவின் ஒரு பகுதியையும் செலுத்தவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வீடு செம்மையுற்றது, தெருவும் பொலிவுற்றது. பன்னிருவர் வாழ்ந்த இடம் நான்கு குடித்தனங்களுக்கு உரியதாயிற்று. ஏனையோர் எங்குச் சென்றனர் என்பது அக்கணக்கில் எழுதப்படவில்லை. வெற்றுக் கட்டடமே மாற்றத்துக்கு ஏற்றதாகையால், குடியிருப்போரைத் தொல்லைப்படுத்தி வெளியேற்றும் முறைகேடும் நிகழ்ந்தது. தொல்லை நிகழவில்லை எனச் சான்று பெற்ற பின்னரே மாற்றத்துக்கு அனுமதி என 1983இல் நகரம் விதித்தமை இதனைப் புலப்படுத்தும்.

அக்காலத்திலேயே மனநோய் மருத்துவமனைகள் பெருந்தொகையான நோயாளரை வெளியே அனுப்பின. அவர்கள் புகலடைந்த அறைகளும் மறையத் தொடங்கவே, வீடற்றோர் தெருவில் பெருகினர். 1979இல் வழக்கறிஞர் ரொபேர்ட் ஹேய்ஸ் தொடுத்த வழக்கு 1981இல் இணக்கத் தீர்ப்பாக முடிந்தது. வீடற்ற ஆடவருக்குத் தங்குமிடம் அளிக்கும் கடப்பாட்டை நகரம் ஏற்றது. ஒருபுறம் அறைகளை அகற்றுவோருக்கு வரியை விட்டுக்கொடுத்த அதே திறைசேரி, மறுபுறம் அறையிழந்தோரைத் தங்கவைக்கவும் செலவிடலாயிற்று.

1985இல் நகரம் இத்தகைய மாற்றங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீடித்ததோடு, வெறுமையான அறைகளைத் திருத்தி வாடகைக்கு விடவேண்டுமெனவும் கட்டளையிட்டது. விலக்குப் பெற விரும்புவோர் அறையொன்றுக்கு 45,000 டொலர் செலுத்தலாம் என்றது. உரிமையாளர் வழக்காடினர். 1989இல் நியூயோர்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், இச்சட்டம் இழப்பீடின்றிச் சொத்தைக் கவர்வதாகுமெனத் தீர்த்தது. சமூகம் முழுவதும் தாங்கவேண்டிய சுமையைச் சில உரிமையாளர் மீது மட்டும் ஏற்றலாகாது என்பது அதன் கருத்து.

அக்கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், மாற்றத்தின் இலாபத்தைப் பெருக்கியது பொதுப்பணமே என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். இலாபத்திற்குத் துணைநின்ற பொதுப்பணம், இழந்த அறைகளுக்கு மாற்றுக் கட்டவும் அன்றே ஒதுக்கப்பட்டிருப்பின் வழக்கின் தேவையே குறைந்திருக்கும். தரங்குறைந்த அறையை ஒழிப்பது சீர்திருத்தமே. ஆனால் அதில் வாழ்ந்தவனுக்கு வேறோர் அறை இல்லாதவிடத்து, அச்சீர்திருத்தத்தின் விலையை அவனே செலுத்துகின்றான்.