சக்கரத்தின் நடுவில் இருப்பது: வண்டி மை பற்றிச் சில குறிப்புகள்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வாசலில் காரை நிறுத்தி அலாய் வீல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் வாங்கிய வீல் கிளீனர். தெளித்த ஒரு நிமிடத்தில் சக்கரத்திலிருந்து ஊதா நிறத்தில் தண்ணீர் ஒழுகும். பிரேக் டிஸ்க்கும் பேடும் தேய்ந்து வரும் இரும்புத் தூள் சக்கரத்தின் மேல்பூச்சில் ஒட்டி அங்கேயே துருப்பிடிக்கும். அந்த இரும்போடு மருந்து சேரும்போதுதான் ஊதா நிறம். பார்க்க ஜோராக இருக்கும். அதைக் கழுவிவிட்டு மேலே மெழுகும் போட்டேன்.

திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கேட்டார்: "மேல பளபளன்னு ஆயிடுச்சு தம்பி. உள்ள மை போட்டியா?"

"இதுக்கெல்லாம் மை கெடையாது பெரியப்பா, சீல் பண்ணி வர்ற பேரிங்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் இடது முன்சக்கரத்தில் ஒரு முனகல் கூடிக் குறைந்தது. அந்தச் சத்தம் புதிதில்லை. ஆறு மாதமாக இருந்தது. டயர் சத்தம் என்று விட்டிருந்தேன். கழற்றிப் பார்த்த மெக்கானிக் பேரிங்கைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். கரகரவென்றது. சீல் போய், தண்ணி இறங்கி, கிரீஸ் துருக் குழம்பாக ஆகியிருந்தது. வெளியே மெழுகு போட்ட அதே சக்கரம்தான்.

அன்றைக்கு இரவுதான் பெரியப்பாவிடம் வண்டி மையைப் பற்றி ஒழுங்காகக் கேட்டேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் கட்டை வண்டி இருந்தது. அந்த மை சட்டையில் பட்டு அடி வாங்கியது நினைவிருக்கிறது. என்ன மை, எதற்கு என்று கேட்டதே இல்லை.

வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, நுணுக்கி, விளக்கெண்ணெயில் குழைக்க வேண்டும். அவ்வளவுதான் செய்முறை. ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். மை போட வண்டிக்கு முட்டுக் கொடுத்து, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைப் பாதி வெளியே இழுத்து, பழைய மையையும் அதில் சேர்ந்த மண்ணையும் கந்தல் துணியால் துடைத்தெடுத்துவிட்டுப் புதுசைத் தடவ வேண்டும். "தொடைக்காம மேலயே போட்டா மண்ணு உள்ளயே நின்னு அறுத்துடும்" என்றார் பெரியப்பா. அந்தக் காலத்தில் சக்கரத்தைச் சுத்தம் செய்வது என்றால் இந்தத் துடைப்புதான். வெளிப்பக்கச் சேற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஏன் விளக்கெண்ணெய்? கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வீட்டில் இருந்தனவே? விளக்கெண்ணெயில் பெரும்பங்கு ரிசினோலெயிக் அமிலம். சாதாரண எண்ணெயில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் கூட்டம் அதில் இருக்கிறது. அதனால் எண்ணெய் மிகக் கெட்டி, இரும்பின் மேல் நன்றாக ஒட்டி நிற்கும். கரி அதை இன்னும் கெட்டியாக்கி வழியாமல் நிறுத்துகிறது. ஐரோப்பாக்காரர்கள் இதே குணத்துக்காக முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களில் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பது அங்கே கூடுதல் வசதி. இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நிறுவனம் 1909ல் மோட்டார் எண்ணெயில் இதைக் கலந்து விற்றபோது வைத்த பெயர்தான் காஸ்ட்ரால். 'காஸ்டர்' என்ற ஆமணக்குப் பெயர் அதற்குள் இன்னும் இருக்கிறது. ஆமணக்கு நம் பக்கத்துப் பயிரும்கூட. கள்ளக்குறிச்சியிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலம் போகிறவர்கள் ஏத்தாப்பூரைப் பார்த்திருப்பார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது.

அச்சு பற்றிய கவலை பழையது. அச்சாணி வரும் குறள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூறு 102. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. மேடு பள்ளத்தில் பாரவண்டிக்கு என்ன ஆகுமோ என்று உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். எழினி அந்த மாற்று அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவை. இன்றைய ஸ்டெப்னிக்குப் பாட்டன்! தகடூர் அதியமான்கள் நமக்கு அந்நியர் இல்லை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி வென்றதையும் புறநானூறு பேசுகிறது.

சரி, மை எதைக் காப்பாற்றியது? மாட்டின் உழைப்பைக் குறைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டதும் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருந்தது. சக்கரம் ஐந்தடி விட்டம், இரும்பு அச்சு ஒன்றரை அங்குலம் என்று வைத்தால் விகிதம் 40. அதாவது அச்சில் எழும் உராய்வு, வண்டியை இழுக்கும் மாட்டிடம் வரும்போது 40ல் ஒரு பங்காகிவிடுகிறது. அந்தப் பெரிய சக்கரமே பாதி பேரிங். சேற்றிலும் மணலிலும் சக்கரம் புதைவதுதான் மாட்டுக்குப் பெரிய சுமை. அதற்கு மை ஒன்றும் செய்ய முடியாது.

மை காப்பாற்றியது முதலில் குடத்தை. நடுவில் இருக்கும் மரக்குடமும் அதற்குள் அடித்த இரும்புக் குழலும் வறண்டு தேய்ந்தால் துளை நீள்வட்டமாகும். சக்கரம் தள்ளாடும். ஆரக்கால்கள் ஆடும், வட்டைகள் விலகும். தள்ளாட்டம் ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்குப் போய் மாட்டின் கழுத்தை இரண்டு பக்கமும் தேய்க்கும். கிரீச்சென்று கத்திக்கொண்டு வரும் வண்டியைப் பார்த்தால் ஊரில் ஏன் திட்டினார்கள் என்று இப்போது புரிகிறது. சத்தத்துக்காக மட்டும் திட்டவில்லை.

சக்கரத்தின் வெளிப்பக்கத்தைக் காத்தது இரும்புப் பட்டா. சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகப் பட்டாவை அடித்து, வரட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.8 மீட்டர். 500 டிகிரி சூட்டில் இரும்பு சுமார் 3 செ.மீ. நீளும். குளிரும்போது அந்த 3 செ.மீ.யும் சேர்ந்து ஆறு வட்டைகளையும் பன்னிரண்டு ஆரக்கால்களையும் நெருக்கிப் பிடிக்கும். ஆணி, பசை எதுவும் அந்தப் பிடிக்கு ஈடில்லை. ஆனால் சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. பட்டா லொடலொடக்கும். அப்போது வண்டியை ஆற்றிலோ ஏரியிலோ இறக்கி ஒரு ராத்திரி நிறுத்திவிடுவார்கள். மரம் ஊறிப் பெருத்து மறுபடி இறுகும். கோமுகி ஆற்றில் வண்டியை இறக்கியது மாட்டைக் குளிப்பாட்ட மட்டும் இல்லை.

இந்தப் பட்டா சக்கரத்தைக் காத்தது, சாலையை அறுத்தது. மெல்லிய இரும்பு விளிம்பில் மொத்தப் பாரமும் இறங்கும். இங்கிலாந்து 1753லேயே பாரவண்டிகளுக்கு அகலச் சக்கரம் வேண்டும் என்று சட்டம் போட்டது. இங்கே காற்று டயர் வந்தபோது சாலைப் பொறியாளர்கள் மகிழ்ந்தார்கள், வண்டிக்காரருக்குத்தான் விலை எட்டவில்லை. கடைசியில் நம் பக்கம் டயர் வண்டியைக் கொண்டுவந்தது கரும்பு என்று நினைக்கிறேன். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப்போன வண்டிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் டயர் வண்டிகள்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டயர் சக்கரம் சின்னது. 40 என்ற அந்த விகிதம் பாதிக்கும் கீழே போய்விடும். பெரிய சக்கரம் இலவசமாகக் கொடுத்த உதவி போனதால், நடுவில் நல்ல பேரிங் கட்டாயமாகிறது. இதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1960ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965ல் வந்த பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான விதிகளில், சிறிய மாடு பூட்டிய இருசக்கர வண்டிக்குக் காற்று டயர் இல்லாவிட்டால் 500 கிலோதான் வரம்பு. காற்று டயர் இருந்தால் 750. பால் பேரிங் இருந்தால் 1000. பெரிய மாடுகளுக்கு இதே வரிசையில் 900, 1350, 1800. டயரைவிடப் பேரிங்குக்கு அதிக மதிப்பெண்! எத்தனை வண்டிகளை நிறுத்தி எடை பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

பெங்களூர் ஐஐஎம்மின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியை மேம்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர். ராக்கெட் விடும் நாட்டில் வண்டிச் சக்கரத்தை எந்தப் பொறியாளரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. நானும் பி.இ. படித்தவன்தான், பேரிங் சத்தத்தை ஆறு மாதம் டயர் சத்தம் என்று நம்பியவன்.

எங்கள் வண்டியின் மரத்தைக் கரையான் தின்றுவிட்டது. பட்டா பழைய இரும்புக்குப் போனது. குடத்திலிருந்த இரும்புக் குழல் ஒன்று மாட்டுக்கொட்டகையில் கிடைத்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். உள்பக்கம் இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது, துருவெல்லாம் வெளியேதான். இந்தக் குழலுக்குப் பெரியப்பா சொன்ன பெயர் 'பெட்டி'. அச்சை எங்கள் வீட்டில் 'இருசு' என்பார்கள். உங்கள் ஊர்ப் பெயர்கள் வேறாக இருந்தால் எழுதுங்கள். ஆரக்கால், வட்டை, கடையாணி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.