பூண்டுச் சாறும் காந்தமும்



சீர்திருத்தம் என்றாலே விட்டன்பர்க், 95 வாதங்கள் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகச் சுவையாகப் படுகிறது.

லூத்தருக்கு அரிஸ்டாட்டில் என்றாலே ஆகாது. அந்த 95க்கு முன்பே, 1517 செப்டம்பரில், அவருடைய தர்க்கத்தை வைத்து இறையியல் படிக்கும் முறையை எதிர்த்து 97 வாதங்கள் எழுதினார். நண்பர் மெலாங்தன் 1521இல் எழுதிய பாடநூலும் ரோமர் நிருபத்திலிருந்து பாவம், நியாயப்பிரமாணம், கிருபை என்று தலைப்புகளை எடுத்துத் தொகுத்ததுதான்.

ஆனால் வகுப்பு நடத்த வேண்டும். ரோமச் சபைப் பண்டிதர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொற்களை வரையறுக்காமல் முடியுமா? விரட்டப்பட்ட அரிஸ்டாட்டில் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தார். அழைத்து வந்தவர்களில் முதல்வர் மெலாங்தனே!

1560இல் வைமார் நகரில் யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் வாதாடினார்கள். ஜென்ம பாவம் மனிதன்மேல் வந்து ஏறிய தன்மை என்றார் ஸ்டிரீகல். இல்லை, விழுந்துபோன மனிதனின் சாரமே பாவம் என்றார் ஃபிளாசியஸ். இரண்டுமே அரிஸ்டாட்டிலின் சொற்கள். சாரமே பாவம் என்றால் அதைப் படைத்தது யார்? கிறிஸ்து எடுத்த மனித இயல்பு எது? நண்பர்கள் எச்சரித்தும் ஃபிளாசியஸ் அந்தச் சொல்லை விடவில்லை. 1561இல் வேலை போனது; ஊர் ஊராக அலைந்து 1575இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறந்தார். வேதத்தை எப்படி வாசிப்பது என்று பெரிய நூல் எழுதிய மேதை அவர்.

1577இல் லூத்தரன் சபையார் உருவாக்கிய இணக்க அறிக்கை ஃபிளாசியஸின் கருத்தை மறுத்தது. எதிர்ப்பக்கத்தையும் விடவில்லை. பூண்டுச் சாறு பூசினால் காந்தம் இரும்பை இழுக்காது என்று அன்று நம்பினார்கள் (வீட்டில் செய்து பாருங்கள், நன்றாகவே இழுக்கும்). பாவம் அப்படிப்பட்ட வெளிப்பூச்சு மட்டுமே என்பதும் தவறு என்றார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த பகுதி. 'சாரம்', 'ஏறிய தன்மை' என்ற லத்தீன் சொற்கள் படித்தவர்களின் வகுப்பறையில் இருக்கட்டும். பாமர மக்களுக்குச் செய்யும் பிரசங்கத்தில் வேண்டாம் என்று எழுதி வைத்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்ததும் இதைத்தானே?

வகுப்பறை முறை வளர்ந்துகொண்டே போனது. கெர்ஹார்ட் 1610 முதல் 1622 வரை ஒன்பது தொகுதிகள் எழுதினார். பிரசங்கம் புலமையைக் காட்டும் இடமல்ல என்று 1675இல் ஸ்பேனர் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. அவர் வழிவந்த ஃபிராங்கேயின் ஹாலே நகரில் படித்தவர்தான், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு.