கடலைக் கடந்தவரும் எல்லையைக் கடந்தவரும்

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் பலவகை மக்களுள் அரபு நாடுகளிலிருந்து சென்று குடியேறியோர் ஒரு பிரிவினர். ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளைச் சார்ந்தோர் மற்றொரு பிரிவினர். இவ்விரு சமூகத்தாரின் பொருளாதார நிலையையும் சமூக நிலையையும் ஒப்பிட்டு நோக்குவதே இப்பேச்சின் பொருளாகும். எண்ணிக்கையில் இருவரும் சமமல்லர். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஸ்பானிய மொழி வழியினர் 6 கோடியே 20 லட்சம் பேர். அந்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் என்னலாம். மேற்கு ஆசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் பூர்விகமாகக் கொண்டோர் என அதே கணக்கில் தம்மைக் குறித்துக்கொண்டவர்களோ 35 லட்சம் பேர். இவர்களுள்ளும் ஈரானியர் போன்ற அரபியரல்லாதார் உளர்.

"அரபியர் பிறவி வணிகர், மெக்சிகர் பிறவிக் கூலியாள்" என்று அமெரிக்காவில் நெடுநாள் பேசப்பட்டு வந்தது. ஒரு சமூகம் கடை வைத்து உயர்ந்ததற்கும் மற்றொன்று வயலிலே குனிந்து நின்றதற்கும் இரத்தமே காரணம் என்பது இப்பேச்சின் உட்கருத்து. வரலாற்றை ஊன்றிப் பார்ப்போர்க்கு இது நிற்காத வாதம் என்பது விளங்கும்.

முதலில் அரபியர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லெபனான் மலைச் சிற்றூர்களில் முசுக்கட்டைச் செடி வளர்த்துப் பட்டுப்புழு பேணுவதே பெருந்தொழிலாக இருந்தது. அப்பட்டைப் பிரான்சு தேசத்து லியோன் நகர வணிகர் வாங்கினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் சீனப் பட்டும் ஜப்பானியப் பட்டும் ஐரோப்பாவிற்கு எளிதில் வந்து குவிந்தன. மலையூர்ப் பட்டின் விலை சரிந்தது. மக்கள் தொகையோ பெருகிற்று, நிலமோ சிறுத்தது. 1880 முதற்கொண்டு இளைஞர் கப்பலேறத் தொடங்கினர். அக்காலத்துச் சென்றோருள் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர். நியூயார்க் நகரத்தின் தென்கோடியில் வாஷிங்டன் தெருவைச் சுற்றி அவர்கள் கூடி வாழ்ந்த பகுதிக்குச் "சிறிய சிரியா" என்று பெயர் வழங்கிற்று. 1892இல் அரபு மொழிச் செய்தித்தாள் ஒன்று அந்நகரத்திலேயே தோன்றிவிட்டது. கவிஞர் கலீல் ஜிப்ரான் 1895இல் சிறுவனாகத் தாயுடன் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். அத்தாயார் மூட்டை சுமந்து வீடு வீடாகச் சென்று விற்றே குடும்பத்தைக் காத்தார்.

இந்த மூட்டை வியாபாரத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஊசி, நூல், பொத்தான், சரிகைப் பின்னல், எருசலேமிலிருந்து வந்தவை என்று சொல்லி விற்கும் சிலுவை, ஜெபமாலை ஆகியவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி முதுகிலே கட்டிக்கொண்டு, கடைத்தெருவே இல்லாத பண்ணை வீடுகளுக்கு நடந்தே செல்வர். புதிதாக வந்தவனுக்குக் கைம்முதல் வேண்டியதில்லை. தன் ஊரானாகிய மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு கொடுப்பான். விற்ற பின் கணக்குத் தீர்த்தால் போதும். ஆங்கிலமும் பத்துச் சொற்கள் தெரிந்தால் ஆயிற்று. பெண்களும் இத்தொழிலில் திரளாக ஈடுபட்டனர். பண்ணை வீட்டுப் பெண்டிர் கதவைத் திறப்பது பெண்ணுக்கே எளிது. வெளி மாநில நகரமொன்றில் தம்மூரார் கடையில் சரக்கெடுத்துத் தொழில் தொடங்கியவர்களை நேயர்கள் பலர் அறிந்திருப்பார்கள். அவர்களுக்கு இம்முறை புதிதன்று. சில ஆண்டுகள் நடந்தபின் வழியிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஒரு சிறு கடை. கடைக்குப் பின்னே வீடு. பிள்ளைகள் அவ்வூர்ப் பள்ளியில், மற்றப் பிள்ளைகளோடு.

இவ்வளவும் நிகழச் சட்டத்தின் வாயிலும் திறக்கவேண்டியிருந்தது. 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளையரே குடியுரிமை பெறலாம். பின்னர் 1870இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அவ்வுரிமை கிடைத்தது. சிரியர் வெள்ளையரா அல்லரா என்ற வினா நீதிமன்றம் ஏறிற்று. தென் கரோலினாவில் வாழ்ந்த ஜார்ஜ் டௌ என்னும் சிரியருக்குக் கீழ்நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. 1915இல் மேல்முறையீட்டு மன்றம் சிரியர் வெள்ளையரே எனத் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கப் படையிலே பணியாற்றிய பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியர் அதே உரிமையைக் கோரியபோது, உச்ச நீதிமன்றம் 1923இல் இந்தியர் வெள்ளையர் ஆகார் என்று சொல்லிவிட்டது. ஆசியாவின் ஒரு கோடியிலிருந்து சென்றவருக்குத் திறந்த கதவு மற்றொரு பகுதியிலிருந்து சென்றவருக்கு மூடப்பட்டது. குடியுரிமை பெற இயலாதவர் கலிபோர்னியாவில் நிலம் வாங்கவும் இயலாதென 1913ஆம் ஆண்டுச் சட்டம் வேறு தடுத்தது. எனவே ஒருவனுடைய ஊக்கம் எவ்வளவு என்பதோடு, அவனை எந்தப் பெட்டியில் எழுதினார்கள் என்பதையும் சேர்த்தே அவன் செல்வத்தை மதிப்பிடவேண்டும்.

இனி மெக்சிகர். இவர்களுள் முதல்வர் குடியேறியவரே அல்லர். 1848இல் குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கையின்படி கலிபோர்னியா, நியூ மெக்சிகோ முதலிய பரந்த நிலப்பகுதிகள் மெக்சிகோவின் கையை விட்டு நீங்கின. அங்கு வாழ்ந்தோர் தம் வீட்டை விட்டு அசையாமலே வேற்று நாட்டுக் குடிகளாயினர். அவர்தம் உடைமை காக்கப்படும் என்று உடன்படிக்கை கூறிற்று. ஆயினும் 1851ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கலிபோர்னியாவில் நிலமுடையோர் தம் பாத்தியதையை ஆணையத்தின் முன் மெய்ப்பிக்க வேண்டுமென்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. வென்றவர்களும் வழக்கறிஞர் கூலிக்கும் கடன் வட்டிக்கும் நிலத்தையே விற்றனர்.

1910இல் மெக்சிகோவில் புரட்சி மூண்டபின் எல்லை கடந்து வந்தோர் பெருந்தொகையினர். இருப்புப் பாதை போடவும், பீட் கிழங்கு தோண்டவும், பருத்தி எடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. ஸ்பானிய மொழியிலே சர்க்கரைக்கு "அசூக்கார்" என்றும், பருத்திக்கு "அல்கொதோன்" என்றும் பெயர். இரண்டும் அரபுச் சொற்களே. அரபியர் ஸ்பெயினை ஆண்ட நாளில் பயிரோடு பெயரும் சென்றது. அந்தச் "சுக்கர்" என்னும் அரபுச் சொல்லுக்கும் நம்முடைய சர்க்கரைக்கும் மூலம் ஒன்றே என்பதை ஓர் இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கலாம்.

மூட்டை சுமந்தவனுக்கும் வயலில் குனிந்தவனுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னவன் விலையைத் தானே சொன்னான். பின்னவனுக்குக் கூலியைப் பிறர் சொன்னார்கள். நடுவே கங்காணி ஒருவன் தன் பங்கைப் பிடித்துக்கொண்டான். விளைச்சலைப் பின்தொடர்ந்து குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது பல லட்சம் மெக்சிகர் வண்டியேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுள் அமெரிக்க மண்ணில் பிறந்து குடியுரிமை பெற்றிருந்த பிள்ளைகளும் மிகப் பலர். போர் வந்து ஆள் குறைந்ததும் 1942இல் அதே அரசு அதே நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அழைத்தது. 1964 வரை நடந்த இத்திட்டத்தில் 45 லட்சத்திற்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் கூலியில் நூற்றுக்குப் பத்து சேமிப்பென்று பிடித்து மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டது. பலர் அத்தொகையைக் கண்ணாலும் காணவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, தள்ளாத வயதில், அதற்காக வழக்காடினார்கள்.

கலிபோர்னியத் தோட்டங்களில் குட்டைக் காம்புக் களைக்கொத்து ஒன்று வழங்கிற்று. அதைப் பிடித்தவன் நாள் முழுதும் இடுப்பை நிமிர்த்த இயலாது. நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்பது மேற்பார்வையாளனுக்குத் தொலைவிலேயே தெரிந்துவிடும். அதன் பயன் அதுவே. 1975இல்தான் அக்கருவி அம்மாநிலத்தில் விலக்கப்பட்டது.

பள்ளியின் கதையும் இதனோடு சேர்ந்ததே. சட்டத்தின் ஏட்டில் மெக்சிகரும் வெள்ளையரே. நடைமுறையில் அவர்தம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் கொன்சாலோ மெண்டெஸ் என்பவர் தம் மக்களைப் பொதுப் பள்ளியில் சேர்க்க முயன்று, மறுக்கப்பட்டு, வழக்குத் தொடுத்தார். 1946இலும், மேல்முறையீட்டில் 1947இலும் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. இனம் பிரித்துப் பள்ளி நடத்துவதற்கு இடமளித்த மாநில விதிகளை அவ்வாண்டே நீக்கிக் கையொப்பமிட்ட ஆளுநர் எர்ல் வாரன். அவரே 1954இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாய் அமர்ந்து, கறுப்பின மக்களின் புகழ்பெற்ற பள்ளி வழக்கில் தீர்ப்புரைத்தார்.

அரபியருள்ளும் தொழிலாளர் இல்லாமலில்லை. 1914இல் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்தபின், லெபனானிய முஸ்லிம்களும் ஏமானியரும் டெட்ராய்ட் பகுதிக்குத் திரண்டனர். டியர்போர்ன் நகரில் ஃபோர்டின் ரூஜ் ஆலையை ஒட்டி வேரூன்றினர். 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்தது. 1941இல் ஃபோர்டு நிறுவனமும் சங்கத்தை ஏற்றது. ஆனால் அச்சட்டம் வயல் தொழிலாளியை வெளிப்படையாக விலக்கி வைத்தது. ஒரே தலைமுறையில், கையால் உழைத்த இருவருள், ஒருவன் ஓய்வூதியமும் சொந்த வீடும் பெறலானான். மற்றவன் அடுத்த பருவத்திற்கு வேலை உண்டா என்றறியாமல் நின்றான். என் கருத்தில், இவ்விரு சமூகங்களின் வேறுபாட்டை விளக்க வணிகத் திறமையைவிட இந்த ஒரு விலக்கு மிகுதியும் உதவுகிறது.

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்தது. 1924 முதல் சிரியாவுக்கும் லெபனானுக்கும் ஆண்டுக்கு நூறு பேர் என்றிருந்த வரையறை அதனால் நீங்கிற்று. எகிப்து, ஈராக், பாலஸ்தீனம் முதலிய நாடுகளின் மருத்துவரும் பொறியியலாளரும் மாணவரும் விமானமேறி வந்தனர். அதே சட்டமோ, அதுவரை எண்ணிக்கை வரம்பின்றி வந்துகொண்டிருந்த மேற்குக் கோளத்து நாடுகளுக்கு முதன்முறையாக வரம்பு கட்டிற்று. ஒப்பந்தக் கூலித் திட்டமும் முந்திய ஆண்டே முடிந்துவிட்டது. வயலில் வேலை குறையவில்லை; வரும் ஆளும் குறையவில்லை; வந்தவன் மட்டும் "சட்டத்திற்குப் புறம்பானவன்" ஆகிவிட்டான். கூலி கேட்க அஞ்சினான். மருத்துவமனைக்குப் போக அஞ்சினான்.

2000ஆம் ஆண்டுக் கணக்கு இதன் விளைவைக் காட்டுகிறது. பட்டம் பெற்றோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 24, அரபியருள் 41, ஸ்பானிய மொழி வழியினருள் ஏறத்தாழ 10. நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாட்டில் சுமார் 50,000 டாலர், அரபியருக்கு 52,000, ஸ்பானிய வழியினருக்கு 34,000. இங்கே நிறுத்தினால் பழைய பேச்சே மெய்யாகிவிடும். வறுமைக் கணக்கையும் பார்க்கவேண்டும். நாட்டில் நூற்றுக்கு 12 பேர் வறியர், ஸ்பானிய வழியினருள் 22க்கு மேல், அரபியருள் 17. வருமானத்தில் நாட்டினும் உயர்ந்த சமூகம் வறுமையிலும் நாட்டினும் மிகுந்திருப்பது எங்ஙனம்? ஒரே பெயரின் கீழ், நான்கு தலைமுறைக்கு முன் சென்ற லெபனானிய வணிகரின் பேரனும், போருக்குத் தப்பி நேற்று வந்த ஈராக்கியனும் அடங்கியுள்ளனர் என்பதே விடை.

மறுபுறமும் அவ்வாறே. 1959க்குப் பின் மயாமி சேர்ந்த கியூபருள் முதல் அலையினர் படித்தோரும் உடைமையாளரும். அரசு அவர்களை அகதிகளாக அணைத்து, 1966இல் தனிச் சட்டமே இயற்றி நிரந்தரக் குடியிருப்பு அளித்தது. அவர்கள் விரைவில் கடை திறந்தார்கள். போர்ட்டோ ரிக்கோ மக்களோ 1917 முதலே அமெரிக்கக் குடிகள். சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. எனினும் நியூயார்க்கில் அவர்கள் நெடுங்காலம் வறுமையில் உழன்றனர். அவர்கள் நம்பிச் சென்ற தையல் ஆலைகள் அந்நகரை விட்டு அகன்றுகொண்டிருந்தன. ஆகவே சட்டம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நானும் வாதிடமாட்டேன்.

செல்வம் அச்சத்தைப் போக்கிவிடவுமில்லை. 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின், 2002இல், குறித்த சில நாடுகளின் ஆடவர் நேரில் வந்து பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று ஆணை பிறந்தது. பட்டமும் வருமானமும் உடையோரும் அவ்வரிசையில் நின்றனர்.

இவ்விரு சமூகத்தாரும் ஒரே வயலில் நின்ற காலமும் உண்டு. 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகரும் சேர்ந்தனர். காந்தியடிகளின் வாழ்வைப் பயின்ற சாவேஸ், தம் கூட்டத்தார் வன்முறையில் இறங்கிவிடலாகாதென 1968இல் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தார். 1970இல் தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மூன்றாண்டில் ஒப்பந்தம் காலாவதியாக, மீண்டும் போராட்டம் மூண்டது. அத்தோட்டங்களில் ஏமானியரும் நூற்றுக்கணக்கில் உழைத்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியராய் வந்து முகாம்களில் தங்கியவர்கள். அவர்களுள் நாகி தைஃபல்லா என்னும் இருபத்து நான்கு வயது இளைஞர் ஆங்கிலமும் ஸ்பானியமும் கற்று, தம்மவர்க்கும் மெக்சிகருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராய் நின்றவர். 1973 ஆகஸ்டில் காவலர் ஒருவர் உலோகக் கைவிளக்கால் தாக்கியதில் தலையில் அடிபட்டு அவர் இறந்தார். இரண்டொரு நாளில் ஹுவான் தெ லா குரூஸ் என்னும் அறுபது வயது மெக்சிகத் தொழிலாளி மறியல் வரிசையில் சுடப்பட்டு மாண்டார். நாகியின் உடலுக்குப் பின்னே ஆயிரக்கணக்கானோர் டெலானோ வழியே மௌனமாக நடந்தனர். அரபியில் தொழுகை நிகழ்ந்தது. அரபு அறியாத மெக்சிகப் பெண்டிரும் தலை கவிழ்ந்து நின்றனர்.

கணக்கெடுப்பைப் பற்றி ஒரு சொல் மிச்சமுள்ளது. 1930இல் மெக்சிகரைத் தனி இனமாகக் குடிக்கணக்கில் எழுதினர். அவர்கள் எதிர்த்து, 1940இல் அதை நீக்கச் செய்தனர். பின்னர்த் தம் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் கணக்கு வேண்டுமென்று அவர்களே கேட்க, 1980 முதல் வீடுதோறும் அவ்வினா இடம்பெற்றது. 1915இல் வெள்ளையர் என்று தீர்ப்புப் பெற்ற அரபியரின் பேரப்பிள்ளைகளும் அதே வழியில் வந்தனர். வெள்ளையர் தொகையில் தம் ஏழைகளும் நோயாளரும் கணக்கின்றிக் கரைந்துபோகிறார்கள் என்று பல்லாண்டு முறையிட்டனர். 2024 மார்ச்சில் அரசு விதியைத் திருத்தி, மேற்கு ஆசியாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் தனிக் கட்டம் வகுத்தது. ஸ்பானிய வழியினருக்கான கட்டமும் அதே வினாவின் கீழ், அதே வரிசையிலேயே அமைக்கப்பட்டது.