திராட்சைத் தோட்டமும் அடிமை உழைப்பும்

தென்னாபிரிக்காவின் கேப்டவுண் நகருக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், குறூட் கொன்ஸ்ரான்சியா என்னும் பழந்தோட்டம் இருக்கின்றது. உலகின் பல பாகங்களிலிருந்தும் வரும் பயணிகள் அங்கே திராட்சை மதுவின் பல வகைகளைச் சிறு சிறு அளவாக ஊற்றுவித்து, நிறம் நோக்கி, மணம் நுகர்ந்து, மிடறு மிடறாகச் சுவைத்துச் செல்கின்றனர். சென்ற் ஹெலினாத் தீவிற் சிறையிருந்த நெப்போலியன் அருந்தியது இத்தோட்டப் பகுதியின் மது. ஜேன் ஒஸ்ரின் 1811இல் வெளியிட்ட நாவலிலும் அதன் பெயர் வருகின்றது. தோட்டத்து நூதனசாலையில் இன்று அடிமைகளின் கதையும் சொல்லப்படுகின்றது என்பது உண்மையே. ஆயினும் மதுவின் புகழ் எசமானர்களின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அந்த மதுவைப் பிழிந்தோர் யாவர்?

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஆண்டு 1658. அதே ஆண்டில் அதே கம்பனி நன்னம்பிக்கை முனையில் முதன்முறையாகப் பெருந்தொகை அடிமைகளைக் கப்பல்களிலிருந்து இறக்கியது. அங்கே முதன்முதலாகத் திராட்சை பிழியப்பட்டது 1659 பெப்ரவரியில். மது பிறப்பதற்கு முன்னரே அடிமை வந்துவிட்டான். தங்கள் மேய்ச்சல் நிலம் பறிபோவதைக் கண்ட கொய்கொய் மக்கள் போர் தொடுத்ததும் அவ்வாண்டிலேயே.

1685இல் தளபதி சைமன் வான் டெர் ஸ்ரெல் ஏறத்தாழ 760 ஹெக்டெயர் நிலத்தைத் தனக்கென மானியமாகப் பெற்றார். சாதாரண குடியேற்றவாசி கனவிலும் காணமுடியாத அளவு அது. அந்நிலத்தை உழைத்துத் தோட்டமாக்க மடகஸ்காரிலிருந்தும், மொசாம்பிக்கிலிருந்தும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் மனிதர் கொண்டுவரப்பட்டனர். இலங்கையிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டனர். 1652 முதல் 1808 வரை அம்முனைக்கு வந்த அடிமைகள் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என வரலாற்றாசிரியர் கணிப்பர். தாய் தந்தையர் இட்ட பெயரை இழந்து, ‘வங்காளத்து’, ‘சோழமண்டலத்து’, ‘இலங்கையின்’ என்னும் ஊர்ப்பெயர் ஒட்டிய புதுப்பெயர்களோடு ஏடுகளிற் பதியப்பட்டனர். நம் கரைகளிலிருந்து சென்றோரின் சுவடாக எஞ்சியது பெரும்பாலும் அந்த ஒட்டே.

1778இல் இத்தோட்டம் ஹென்றிக் குளூற்றே என்பவரின் கைக்கு மாறியது. இனிப்பு மது ஐரோப்பிய அரசவைகளை ஆட்கொண்டது இவர் காலத்திலேதான். இவர் 1791இற் கட்டுவித்த மதுக்கிடங்கின் முகப்பில் அன்ரன் அன்றைத் செதுக்கிய சிற்பமொன்று இன்றும் நிற்கின்றது. கிரேக்கக் கதையிலே தேவர்களுக்கு மது வார்ப்பதற்கெனக் கழுகு தூக்கிச்சென்ற கனிமீட் என்னும் இளைஞனே அதன் கரு. பிறருக்கு மது வார்ப்பதற்காகக் கவர்ந்து செல்லப்பட்டவன்! அதன் கீழே கூடை சுமந்து சென்றோருக்கு இதன் பொருளை எவராவது சொல்லியிருப்பரோ, அறியோம்.

அடிமை முறை 1834 டிசம்பர் 1இல் ஒழிந்தது. ‘பயிற்சி’ என்ற பெயரிலே மேலும் நான்காண்டு கட்டாய வேலை நீடித்தது. நட்டஈட்டை அரசு அடிமைகளுக்கு அளிக்கவில்லை, அடிமைச் சொந்தக்காரருக்கே அளித்தது. விடுதலை பெற்றவனிடம் நிலமில்லை. எனவே அவன் பழைய தோட்டத்துக்கே திரும்பினான். அங்கே அவனைக் கட்டிப்போடப் புதிய விலங்கு தேவைப்படவில்லை. அடிமைக் காலத்திலேயே வழக்கிலிருந்த ‘டொப்’ முறை போதுமானதாயிற்று. கூலியின் ஒரு பகுதியாக, நாளொன்றுக்குப் பல தடவை, மட்டமான மதுவை அளந்து கொடுக்கும் முறை அது. விற்பனைக்குதவாத சரக்கு செலவானது. தொழிலாளி போதைக்கு அடிமையானான். வேறிடம் செல்லும் துணிவும் அவனை விட்டகன்றது. நம் மலையகத்திலே கங்காணியின் ‘துண்டு’ச் சீட்டுக் கடன் செய்த வேலையை அங்கே மதுக்குவளை செய்தது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. டொப் முறையோ 1960களிற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்ட பின்னரும் 1990கள் வரை பல தோட்டங்களில் உயிரோடிருந்தது. கருவிலேயே மதுவினாற் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்றாக அத்திராட்சை நாடு ஆயிற்று. சுவைக்கூடத்தில் மதுவின் மணத்தை வருணிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இதற்குரிய சொல் மருத்துவ அறிக்கைகளிலேதான் கிடைக்கின்றது.

1994இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. நிலத்தின் பெரும்பகுதி பழைய கைகளிலேயே தங்கிற்று. 2012 நவம்பரில், உண்ணும் திராட்சை விளையும் டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கிலே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போராட்டம் மேற்குக் கேப் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. அப்போது அவர்களின் குறைந்தபட்ச நாட்கூலி 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச் முதல் கிடைத்தது 105.