மக்காத மிச்சம்

இயற்கை விவசாயம்னு பேச்செடுத்தாலே ஆல்பர்ட் ஹோவர்ட் பேரு வந்துடும். 1924-லிருந்து 1931 வரை இந்தூரில் இருந்து அவர் வகுத்ததுதான் 'இந்தூர் முறை' உரம். இலைதழை, சாணி, மூத்திரம் ஊறின மண், சாம்பல். அவ்ளோதான். மிச்சம்னு பெருசா எதுவும் நிக்காது.

மக்க வைக்கிற அதே வித்தையை நகரக் குப்பையில செஞ்சப்போதான் வம்பு. பிளாஸ்டிக் காலத்துக் குப்பையை மக்கவெச்சு சலிச்சா, சல்லடை மேல பாலித்தீன், கந்தல், ரப்பர், கண்ணாடி! அது திரும்பவும் குப்பைமேட்டுக்கே போச்சு.

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் இதுக்கு ஒரு கோடு போட்டது. மறுசுழற்சி ஆகாத கழிவு கிலோவுக்கு 1500 கிலோகலோரியோ அதுக்கு மேலயோ வெப்பம் தரும்னா புதைக்கக் கூடாது, எரிசக்தியாக்கணும்னு அதுல இருந்துச்சு. காயவெச்சு, துண்டாக்கினா சிமென்ட் சூளையில நிலக்கரிக்குத் துணை. சாம்பல்கூட சிமென்டோட கலந்துடும். இரும்பு உருக்காலைக்கு, கல்லும் மண்ணும் பள்ளம் நிரப்ப.

ஆனா ஈரம் இருந்தா வெப்பம் குறையும். பிவிசி கலந்தா அதோட குளோரின் சூளைக்கு ஆகாது. எங்க மென்பொருள் ஆளுங்க சொல்றதுதான்: குப்பையை உள்ளே போட்டா குப்பைதான் வெளியே வரும்!

என்னைக் கேட்டா, ஹோவர்ட் முறையில குறையில்லை. நாம போடறதுதான் மாறிப்போச்சு. மிஞ்சினதை எரிக்கிறது ரெண்டாம்பட்சம். வீட்டுலயே ரெண்டு டப்பா வெச்சுப் பிரிக்கிறதுதான் முதல் வேலை. என்ன சொல்றீங்க மக்களே?