அட்டையில் அமைந்த மாத்திரை

மாத்திரை என்னும் சொல் இலக்கணத்தில் ஒலியின் கால அளவு. மருத்துவத்தில் அளவிட்ட மருந்து. இவ்வளவு பிறழ்ந்தால் விளையும் கேட்டினைத் தொழுநோய் மருத்துவத்தின் வரலாறு காட்டும்.

பினாங்குத் தீவின் கிழக்கே ஜெரெஜாக் என்னும் சிறு தீவு உளது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தொழுநோயாளர் அங்கே ஒதுக்கி வைக்கப்பெற்றனர். அக்காலத்து மருந்து சால்முக்ரா எண்ணெயே. பின்னர் டாப்சோன் மாத்திரை வந்தது, நம்பிக்கை பிறந்தது. ஆனால், அதனைத் தனித்தும், சிலர் முறைதவறியும் உண்டமையால் கிருமி அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது. இதனைச் சுங்கை பூலோ நோயாளரிடம் ஆராய்ந்து பெட்டிட், ரீஸ் என்னும் அறிஞர் இருவர் 1964-இல் மெய்ப்பித்தனர். ஜெரெஜாக் 1969-இல் சிறைத்தீவாயிற்று.

1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு கூட்டுமருந்து முறையைப் பரிந்துரைத்தது. மும்மருந்தை எழுத்தறியாதவரும் பிழையின்றி உண்பது எங்ஙனம்? நாட்காட்டிபோல் அமைந்த மாத்திரை அட்டையே விடையாயிற்று. கிருமி மிகுந்த பெரியவர்க்குரிய அட்டை 28 நாளுக்கானது. முதல் நாள் ரிஃபாம்பிசின் 600, க்ளோஃபாசிமின் 300, டாப்சோன் 100 மில்லிகிராம்; எஞ்சிய 27 நாளும் க்ளோஃபாசிமின் 50, டாப்சோன் 100. விரலால் குமிழை அழுத்தினால் பின்புறத் தகடு கிழிந்து அன்றைய மாத்திரை மட்டும் வெளிவரும்.

வெறுங்குழி, மாத்திரை எடுக்கப்பட்டதற்கே சான்று, உண்டதற்குச் சான்றன்று. அதனாலன்றோ முதல் நாள் மருந்தைச் சுகாதாரப் பணியாளர் கண்முன் உண்ணுமாறு விதித்தனர்! 1995 முதல் இவ்வட்டைகளை அந்நிறுவனம் நாடுகளுக்கு விலையின்றி வழங்கலாயிற்று.