பழி சுமந்த பெயர்கள்: பெண்களின் பிறப்புறுப்புப் புண்ணும் தமிழ் நோய்ப்பெயர்களும்

முன்னுரை

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள புன்னக்காயல், 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியரின் முதன்மைத் தளங்களுள் ஒன்றாக விளங்கியது. அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் இங்கு மருத்துவமனை ஒன்றை நிறுவினார். இக்கடற்கரையில் 'பறங்கி' என அழைக்கப்பட்டோரின் பெயர், தமிழில் ஒரு நோய்க்கும் பெயராயிற்று. பால்வழிப் புண்களுக்குத் தமிழில் வழங்கிய பெயர்கள் யார்மீது பழி சுமத்தின என்பதையும், அது பெண்களின் நலத்தை எவ்வாறு பாதித்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பறங்கிப்புண்

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பரவிய மேகப்புண் நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவபிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூல் அதைப் 'பிரங்க ரோகம்' என்கிறது. தமிழில் அது பறங்கிப்புண் எனப்பட்டது. அதற்கு மருந்தாகப் பயன்பட்ட சீனக் கிழங்கும் பறங்கிப்பட்டை ஆயிற்று. இப்பெயரில் பழி அயலானைச் சார்ந்தது.

பொம்பளைச் சீக்கு

பேச்சு வழக்கில் பால்வினை நோய்க்குப் 'பொம்பளைச் சீக்கு' என்ற பெயரும் உண்டு. ஆண் பெண்ணிடமிருந்து பெறும் நோய் என்பதே அதன் பொருள். பெண்ணுக்கு வரும் நோய் என்பதன்று. ஆங்கிலேய அரசின் 1868-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டமும் இக்கருத்தையே கொண்டிருந்தது. படைவீரரைக் காக்கும் பொருட்டுப் பரத்தையர் பதிவுசெய்யப்பட்டுக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். நோயுற்றோர் மருத்துவமனைகளில் அடைத்துவைக்கப்பட்டனர். ஆண்களுக்கு அச்சட்டத்தில் அக்கட்டாயம் இல்லை. 1888-இல் சட்டம் நீக்கப்பட்டது, பெயர் நீங்கவில்லை.

அக்கி

கொப்புளமாக எழும் அக்கிக்குக் குயவர் காவிமண்ணால் 'அக்கி எழுதுவது' தமிழக வழக்கம். இன்று 'பிறப்புறுப்பு அக்கி' எனப்படும் ஹெர்பீஸ் நோய் இதனின் வேறானது. உடலில் எழும் அக்கிக்கும் அதற்கும் காரணமான தீநுண்மிகள் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவையாயினும் வெவ்வேறானவை. ஹெர்பீஸ் தீநுண்மியின் இரு வகைகள் 1960-களிலேயே தெளிவாகப் பிரித்தறியப்பட்டன. 1980-களில் அசைக்ளோவிர் மருந்து வந்தது. அது நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, நரம்பு முடிச்சுகளில் தங்கும் தீநுண்மியை அகற்றாது.

பெண்களுக்குப் புண் கருப்பை வாயிலும் தோன்றுவதால் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். எரிச்சலை உடற்சூடு என்றும், கசிவை வெள்ளைபடுதல் என்றும் கருதி வீட்டு மருத்துவத்தோடு நின்றுவிடுவதுண்டு. கருவுற்ற காலத்தின் இறுதியில் புதிதாகத் தொற்று ஏற்படின், பிறக்கும்போது அது குழந்தையையும் பற்றி உயிருக்கு ஊறு விளைக்கக்கூடும். அறிகுறியற்ற கணவனிடமிருந்தும் மனைவிக்கு இது தொற்றும். ஆயினும் 'பொம்பளைச் சீக்கு' என்ற பெயருக்கு அஞ்சுபவள் மருத்துவரிடம் வாய் திறப்பது அரிது.

முடிவுரை

பறங்கிப்புண் அயலானையும், பொம்பளைச் சீக்கு பெண்ணையும் குற்றவாளியாக்கின. அக்கி எவரையும் பழிக்காத பெயர். ஆயினும் வேறொரு நோயோடு மயங்கச் செய்வது. ஆதலின் மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் பொருள் தெளிவோடு பழியின்மையும் ஓர் அளவுகோலாதல் வேண்டும். தன் நோயை நாணமின்றிச் சொல்ல ஒரு சொல் கிடைப்பதே பெண்ணுக்கு மருத்துவத்தின் முதற்படியாகும்.